மலையிலிருந்து நூலுக்கு நிறம் எடுப்பது

நீலகிரியில் நிறம் பார்க்க நல்ல மாதம் எது என்று கேட்டால் பலரும் ஜகரண்டா பூக்கும் கோடையைத்தான் சொல்வார்கள். கைத்தறிக்கும் பூத்தையலுக்கும் நூல் தேர்வு செய்கிறவர்களுக்கு நான் சொல்வது பிப்ரவரிக் கடைசியும் மார்ச்சும். சோலை மரங்கள் தளிர் விடும் நேரம் அது. நாவல் இனத்து மரங்களில் தளிர் முதலில் கருஞ்சிவப்பாக வரும். பிறகு செம்பு நிறம், அதன்பின் மஞ்சள் கலந்த பச்சை, கடைசியில்தான் சோலைக்கே உரிய கரும்பச்சை. பச்சையம் முழுதாகச் சேரும்வரை ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி மேலோங்கி நிற்பதுதான் காரணம். ஒரே மரத்தில் இந்தப் படிகள் அடுத்தடுத்து நிற்பதையும் பார்க்கலாம். ஒரு சேலையின் உடலுக்கும் கரைக்கும் முந்தானைக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற நிறங்கள் வேண்டுமானால் அந்த மரம் போதும்.

பார்த்த நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினால் அது பாதி வழியிலேயே மாறிவிடும். நம் நினைவு எந்த நிறத்தையும் சற்றுத் தூக்கலாகத்தான் வைத்துக்கொள்ளும். செல்போன் படமும் உதவாது. ஜகரண்டாவின் ஊதாவை அது நீலமாக்கும். காட்டுப்பூவரசு (ரோடோடெண்ட்ரான்) மரப்பூவின் சிவப்பை மடிப்பு தெரியாத ஒரே திட்டாக்கும். பனிமூட்டத்தின் சாம்பலில் தானாகவே மஞ்சளைக் கலக்கும். இலையைப் பறித்து வருவதும் வீண், தளிர் வாடும்போதே பழுப்பேறிவிடும். தவிர, காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் எதையும் பறிக்கக் கூடாது. எனவே நூல்தான் மரத்திடம் போக வேண்டும்.

கையில் வேண்டியவை அதிகமில்லை. நடுத்தரச் சாம்பல் நிற அட்டை ஒன்று, நடுவில் ஒரு சென்டிமீட்டர் அளவில் இரண்டு ஓட்டைகள், இடைவெளி விரல் அகலம். ஒரு ஓட்டை வழியாக இலை தெரியட்டும், மற்றதன் பின்னால் நூல் சுற்றிய அட்டையை நகர்த்துங்கள். சுற்றியுள்ள பச்சை கண்ணை ஏமாற்றாமல் இருக்கத்தான் சாம்பல் அட்டை. வெள்ளை அட்டை வைத்தால் எல்லா நிறமும் இருண்டு தெரியும். மெல்லிய மேகம் மூடிய காலை, 9 மணி முதல் 11 மணி வரை, சரியான வெளிச்சம். நேர் வெயிலில் இலை பளபளத்து நிறம் வெளுக்கும். மாலை 4 மணிக்கு மேல் எல்லாவற்றிலும் ஆரஞ்சு ஏறும்.

நிறம் கிடைத்தால் வேலை பாதிதான். மீதிப் பாதி அளவு. கெட்டி அட்டைத் துண்டு ஒன்றில் 100 சுற்று நூல் சுற்றி, கண்ணில் பட்ட பங்கிலேயே நிறங்களைப் பிரிக்க வேண்டும். மார்ச் மாதச் சோலை ஓரத்தை அப்படிச் சுற்றினால் ஏறக்குறைய 55 சுற்று கரும்பச்சை, 25 சுற்று காய்ந்த புல்லின் வைக்கோல் நிறம், 14 சுற்று செம்பு, 6 சுற்று கருஞ்சிவப்பு என்று வரும். புதிதாக வருகிறவர்கள் சிவப்பை 30 சுற்று வைப்பார்கள். கண்ணை முதலில் இழுப்பது அதுதான் என்பதால் அது நிறைய இருப்பதாகத் தோன்றிவிடும். அப்படி நெய்த துணியில் தளிரும் தெரியாது, சோலையும் தெரியாது. நீலகிரிப் பழங்குடியான தோடர்களின் பூத்தையலைக் கிட்டே வைத்துப் பாருங்கள். வெளுக்காத பருத்தித் துணியில் பெரும்பாலும் சிவப்பும் கறுப்பும்தான். துணியின் வெறும் பரப்பு சுற்றிலும் நிற்பதால்தான் அந்தச் சிவப்புக்கு அவ்வளவு வலு. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைவேலைதான் இந்த மலையில் அளவு கற்றுக்கொள்ள நல்ல பாடம் என்பேன்.

காட்டுப்பூவரசின் சிவப்பை எடுக்கும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மரத்தில் அதற்குப் பின்னணி கரும்பச்சை இலை. பச்சைக்குப் பக்கத்தில் எந்தச் சிவப்பும் எரியும். அதே நூலை வெளிர்த் துணியில் தைத்தால் கனத்து, இருண்டு கிடக்கும். வெளிர்த் துணிக்கு ஒரு படி இளஞ்சிவப்பான நூலை எடுப்பது நல்லது.

டிசம்பர், ஜனவரியில் மேகமும் காற்றும் இல்லாத இரவுக்குப் பின் தலைக்குந்தா, காந்தல் பள்ளங்களில் உறைபனி படரும். குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்குவதால் மேட்டைவிடப் பள்ளத்தில்தான் அதிகம். நிழலில் கிடக்கும் உறைபனி வெள்ளையாக இருக்காது. வானத்தின் நீலம் அதில் விழும். இதற்குச் சலவை வெள்ளை நூல் வேண்டாம். அதில் சேர்க்கும் ஒளிரூட்டி பகல் வெளிச்சத்தில் மின்னும். நீலம் தொட்ட வெளிர் சாம்பலும் வெளுக்காத கோரா நூலும் சேர்ந்தால் சரியாக வரும். பனியில் கருகிய தேயிலையின் பழுப்பையும் விட்டுவிடாதீர்கள். சிவப்பு உள்ளோடிய அந்தப் பழுப்பு வேறு எந்த மாதத்திலும் கிடைக்காது.

தென்மேற்குப் பருவமழையில் அவலாஞ்சிப் பக்கம் நிறம் குறையும், படிகள் கூடும். மூடுபனியில் கிட்ட உள்ள மரம் கரும்பச்சை, அடுத்தது சாம்பல் பச்சை, அதற்கப்பால் வெறும் சாம்பல். பாவு (நீளவாட்டு நூல்) ஒரே சாம்பலாக இருக்க, ஊடையில் (குறுக்கு நூலில்) பச்சையைப் படிப்படியாக வெளிறவிட்டால் அது துணிக்கு வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் உரியது. ஈரச் செம்மண்ணை அக்டோபர், நவம்பரில் எடுக்கலாம். மண் நனைந்தால் நிறம் ஆழமாவது போல நூலும் ஈரத்தில் இருண்டே தெரியும். சாயப்பட்டறையில் ஈர நூலைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தால், காய்ந்த பிறகு எதிர்பார்த்ததைவிட வெளிறியிருக்கும்.

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை. 2018இல் பூத்தது, அடுத்தது 2030. சரிவு முழுக்கப் பூத்தால் தொலைவில் நீலம், கிட்டே போனால் ஊதா. எந்தத் தூரத்து நிறம் வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சாயத்துக்கு அனுப்பும்போது ஈரோடானாலும் திருப்பூரானாலும், நூல் அட்டையோடு வெளிச்சத்தையும் எழுதிக் கொடுங்கள். டி65 என்ற பகல் ஒளி விளக்கின் கீழும், கடையில் எரியும் விளக்கின் கீழும் பொருத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வெயிலில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பச்சைகள் கடை விளக்கில் ஒன்று பழுப்பாகவும் மற்றது பச்சையாகவும் பிரிவது வழக்கம், இரண்டிலும் கலந்த சாயங்கள் வேறு என்பதால். லேப் டிப், அதாவது ஒப்புதலுக்காகச் சிறிதளவு சாயமிட்ட மாதிரி, வந்ததும் குறைந்தது 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டாகப் பாருங்கள். சிறு துணுக்கில் அடங்கித் தெரியும் நிறம் முழுச் சேலையில் தூக்கலாகும். அட்டையின் பின்புறம் இடம், மாதம், நேரம், வானம் தெளிவா மூட்டமா, இலை எந்தப் படியில் இருந்தது என்பதை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே நிறத்தில் மறு ஆர்டர் வந்தால் எந்த மரத்திடம், எந்த வாரம் போக வேண்டும் என்பது அதில் இருக்கும்.