ஜப்பானில் எட்டு நாள், பை நிறையச் சில்லறை

2025 ஏப்ரலில் ஜப்பான் போய் வந்தோம். மூன்று பேர்: நான், அக்கா, அத்தான். ஓசாகாவில் இறங்கி, கியோட்டோவும் நாராவும் பார்த்துவிட்டு, டோக்கியோவில் விமானம் ஏறுவது திட்டம். அத்தான் முப்பது வருடம் பேங்கில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் கையகலக் கணக்கு நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும், டீ குடித்தாலும் அதில் ஏறும். கோயில் பற்றியும் செர்ரிப் பூ பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் டிக்கெட்டும் காசும் எங்களைப் படுத்திய பாட்டைத்தான் எழுதப் போகிறேன்.

கிளம்பும் முன் நான் பார்த்த பாதி யூடியூப் வீடியோக்களில் "ஜப்பான் ரயில் பாஸ் வாங்கிவிடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்று இருந்தது. அதெல்லாம் பழைய கதை. ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தது உண்மைதான், 2023 அக்டோபரில் 50,000 ஆக்கிவிட்டார்கள். எங்களுக்குப் புல்லட் ரயில் ஒரே ஒரு தடவைதான், கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு. அதற்குத் தனி டிக்கெட் 14,000 யென் சொச்சம். அத்தான் நோட்டில் கழித்துப் பார்த்துவிட்டு "பாஸ் வாங்குறவன் ஒரு வாரமும் ரயில்லயே தூங்கணும் மாப்ள" என்றார். நாங்கள் போனபோது 100 யென் கிட்டத்தட்ட 58 ரூபாய், அதனால் எந்த விலையையும் பாதியாக்கி மேலே கொஞ்சம் போட்டால் ரூபாய்க் கணக்கு வந்துவிடும்.

ஓசாகா விமான நிலைய ஸ்டேஷனில் முதலில் வாங்கியது இகோகா கார்டு, ஆளுக்கொன்று. பணம் ஏற்றி வைத்துக்கொண்டு ரயில், பஸ், கடை எல்லாவற்றிலும் காட்டிக் கழிக்கும் கார்டு அது. ஓசாகாப் பேச்சில் "இகோ-கா" என்றால் "போவோமா" என்று அர்த்தமாம். 2,000 யென் கொடுத்தால் அதில் 500 டெபாசிட், மீதி 1,500தான் கையில். ஊருக்குள் போகும் ரயிலே 1,200க்கு மேல் விழுங்கிவிட, கார்டு வாங்கி ஒரு மணி நேரத்தில் மறுபடி ரீசார்ஜ் மெஷின் முன்னால் நின்றோம். அந்த மெஷின் ரொக்க நோட்டுதான் கேட்டது. ரோபோக்களின் தேசம் என்று நினைத்துப் போன எனக்கு அது முதல் அடி.

இரண்டாவது அடி ஏடிஎம்மில். செவன் லெவன் கடைகளில் இருக்கும் ஏடிஎம் வெளிநாட்டுக் கார்டை எடுக்கும், அதை நம்பித்தான் நான் பணம் அதிகம் கொண்டுபோகவில்லை. ஆனால் என் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்யாமலே வந்திருக்கிறேன். 2020இலிருந்து நம்மூர்க் கார்டுகளில் அதை நாமாகப் போய் ஆன் செய்தால்தான் உண்டு. சரி, ஆப்பில் செய்யலாம் என்றால் ஓடிபி சென்னை நம்பருக்குப் போகிறது, அந்த சிம்முக்கு ரோமிங் போடவில்லை. முழுக்க என் முட்டாள்தனம். அத்தான் ஒன்றும் சொல்லாமல் இடுப்புப் பையிலிருந்து இரண்டு 10,000 யென் நோட்டை எடுத்துக் கொடுத்து, தன் கணக்கு நோட்டில் என் பெயர் போட்டு எழுதிக்கொண்டார். அவருடைய ஃபாரெக்ஸ் கார்டில் யென் ஏற்றியிருந்தார், கையிலும் ரொக்கம். அந்த எட்டு நாளும் அவர்தான் எங்கள் ரிசர்வ் பேங்க்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தங்கிய இடத்தில் கிரெடிட் கார்டைத் தேய்த்தபோது மெஷினில் "யென்னா, ரூபாயா" என்று கேட்டது. நம்ம காசாச்சே, புரியுமே என்று ரூபாயை அழுத்தினேன். அழுத்தக் கூடாது. அந்த மெஷின் தன் இஷ்டத்துக்கு ஒரு மாற்று விகிதம் போடும், எனக்கு நாலு சதவீதம் போலக் கூடுதலாகப் போனது. எந்த நாட்டில் இருக்கிறோமோ அந்த நாட்டுக் காசைத்தான் அழுத்த வேண்டும், அப்புறம் நம்ம பேங்க் தன் பங்குக்கு எடுப்பதை எடுத்துக்கொள்ளட்டும்.

கியோட்டோ பஸ்ஸுக்கு வருகிறேன். பின் கதவில் ஏறி, முன் கதவில் இறங்க வேண்டும், இறங்கும்போதுதான் காசு. ஊருக்குள் எங்கே போனாலும் 230 யென். கண்டக்டர் கிடையாது, டிரைவர் பக்கத்தில் ஒரு பெட்டி. கார்டைக் காட்டினால் முடிந்தது, ஆனால் அத்தானின் கார்டில் அன்றைக்குப் பார்த்து 90 யென்தான் இருந்தது. பெட்டியில் நோட்டு நுழைக்கும் இடம் தெரிந்தது, 1,000 யென் நோட்டை விட்டார், சில்லறை கொட்டியது, அள்ளிக்கொண்டு இறங்கப் போனார். டிரைவர் பெட்டியைத் தட்டித் தட்டி ஏதோ சொல்கிறார். அத்தான் எண்ணிப் பார்க்கிறார், சரியாக 1,000 யென். "மாப்ள, முழுசாத் திருப்பிக் கொடுத்துருச்சு, மெஷின் ரிப்பேரு!" விஷயம் என்னவென்றால் அது டிக்கெட் எடுத்துக்கொண்டு பாக்கி தரும் மெஷின் இல்லை, சும்மா சில்லறை மாற்றித் தரும் மெஷின். மாற்றிய சில்லறையிலிருந்து 230ஐ நாமே எண்ணிப் பக்கத்துத் துளையில் போட வேண்டும். பின்னால் பத்துப் பேர் நிற்க, முப்பது வருடக் கேஷியர் கை நடுங்க எண்ணிப் போட்டார். ஒருவர்கூட உச்சுக் கொட்டவில்லை, அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

இப்படிச் சேர்ந்துகொண்டே போனது சில்லறை. 1, 5, 10, 50, 100, 500 எல்லாமே காசுதான், மிகச் சிறிய நோட்டே 1,000. கடையில் 8 சதவீத வரி, 10 சதவீத வரி என்று போட்டு 537, 1,283 என்று பில் வரும், ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடி திரும்ப வரும். மூன்றாம் நாள் இரவு அத்தானின் பேண்ட் ஒரு பக்கம் இறங்கியே இருந்தது. அக்கா மட்டும் நடுவில் ஓட்டை போட்ட 5 யென் காசுகளைத் தனியாகச் சேர்த்தாள். ஐந்து யென்னைச் சொல்லும் "கோ-என்" என்ற அதே ஓசைக்கு, பந்தம் என்றும் அர்த்தம் உண்டு, அதனால் கோயில் உண்டியலில் அதைப் போடுவது விசேஷம். கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயிலில் போட்டுக் கும்பிட்டாள், என்ன வேண்டிக்கொண்டாள் என்று சொல்லவில்லை.

நாராவில் மான் பிஸ்கட் ஒரு கட்டு 200 யென். அத்தான் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கணக்கு எழுத நோட்டை எடுத்தார், ஒரு மான் வந்து நோட்டின் மூலையைக் கடித்துக்கொண்டு போய்விட்டது. ஓசாகாவின் முதல் நாள் கணக்கு அதோடு போச்சு.

டோக்கியோவில் ஒரு சின்ன ராமென் நூடுல்ஸ் கடை. வாசலில் மெஷினில் காசு போட்டு டோக்கன் எடுக்க வேண்டும். 1,000 யென் நோட்டை விட்டால் துப்புகிறது, திருப்பி விட்டாலும் துப்புகிறது. 2024 ஜூலையில் புது நோட்டு விட்டிருக்கிறார்கள், அந்த மெஷினுக்கு அது இன்னும் பழகவில்லை. அத்தான் பெருமிதத்தோடு பேண்ட் பைக்குள் கையை விட்டார். மூன்று பேர் சாப்பாட்டுக்கும் 100 யென் காசாகவே போட்டார், டணார் டணார் என்று விழ விழ அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சில்லறையை ஊருக்குக் கொண்டுவந்தால் மாற்ற முடியாது, நோட்டைத்தான் வாங்குவார்கள். அதனால் கடைசி நாள் ஹனேடா விமான நிலையத்தில் அத்தான் ஒரு ஆபரேஷன் நடத்தினார். கார்டைத் திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் 500 வரும், ஆனால் உள்ளே பாக்கி இருந்தால் அதில் 220 வரை கட்டணமாகப் பிடிப்பார்கள், பாக்கி பூஜ்யம் என்றால் பிடிக்க ஒன்றுமில்லை. இதை அவர் முதல் நாளே படித்து வைத்திருந்தார். கடையில் ஆளுக்கொரு சோற்று உருண்டையும் சாக்லேட்டும் எடுத்து, கார்டில் இருப்பதை முதலில் கழிக்கச் சொல்லி, மீதிக்கு ஒரு யென், ஐந்து யென் எல்லாவற்றையும் தட்டில் கொட்டினார். மூன்று கார்டும் பூஜ்யம், பையில் ஒரு காசில்லை. பேங்கில் ராத்திரி கணக்கு டேலி ஆன மாதிரி ஒரு சிரிப்பு.

மூன்று கார்டையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் கவுண்டருக்குப் போனோம். அங்கிருந்த பெண் கார்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மிகுந்த வருத்தத்தோடு இரண்டு கையையும் பெருக்கல் குறி மாதிரி வைத்துக் காட்டினார். இகோகா மேற்கு ஜப்பான் ரயில்வே கார்டு. நாடு முழுக்கச் செலவழிக்கலாம், திருப்பிக் கொடுப்பது மட்டும் அந்த மேற்குப் பக்கத்து ஸ்டேஷன்களில்தான்.

விமானத்தில் அத்தான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மான் கடித்த நோட்டை எடுத்தார். கார்டைக் கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து பத்து வருடம் அது செல்லும் என்று நான் சொன்னேன். அந்தத் தேதியோடு பத்தைக் கூட்டி எழுதிவிட்டு, எதிரே "வரவேண்டியது 1,500 யென்" என்று போட்டு அடிக்கோடு இழுத்தார்.