மருந்தறைக் கதவு

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றும் உள்ளே விடவில்லை. கதவின் வட்டக் கண்ணாடி வழியாகக் கால் மட்டும் தெரிந்தது. அப்பாவின் கால்தான். இடது கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும்.

செப்டம்பர் 15, திங்கள்

காலை 11 மணிக்கு ஐந்து நிமிடம் விட்டார்கள். வாயில் டியூப். கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள், டியூப்பைப் பிடுங்கிவிடுவாராம். வலது கையில் மிச்சமிருக்கும் மூன்று விரலும் எதையோ மெல்லத் திருகிக்கொண்டே இருந்தன. "நடுக்கம்மா அது" என்றார் சிஸ்டர். நடுக்கம் இல்லை. லேத் வேலையில் கனம் அளக்கும் மைக்ரோமீட்டரைத் திருகுகிற விரல்களை எனக்குத் தெரியாதா?

கிரியாட்டினின் 3.1. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் எண், ஏறக் கூடாது. நேற்று 2.6.

வெளியே வந்து அத்தையிடம் சொன்னேன். "அவன் எம்டன்டி. எமனே வந்தாலும் திருப்பி அனுப்புவான்" என்றாள்.

செப்டம்பர் 17, புதன்

ராத்திரி முழுக்க அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எம்டன் என்றால் அப்பா. அப்பாவுக்கோ எம்டன் என்றால் முதல் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கப்பல், பத்து பீரங்கி. நான் ஆறாவது படிக்கும்போது பால் கணக்கு நோட்டின் பின்னட்டையில் படம் போட்டுக் காட்டினார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கத்துக்கு மூன்று. "ஒரு பக்கமா சுட்டா எத்தனை பாப்பா?" பத்து என்றேன். "அஞ்சுதான். மீதி அஞ்சுக்கும் நடுவுல கப்பலே நிக்குதே."

குழல் வாய் 10.5 சென்டிமீட்டர். குண்டு 17 கிலோ, நம் வீட்டு கேஸ் சிலிண்டருக்குள் இருக்கிற கேஸைவிடச் சற்று கூடுதல் எடை. ஒரு ஆள் தூக்கிப் போடலாம், அதனால் வேகம். இந்தியப் பெருங்கடலில் கோக்கோஸ் தீவருகே, 1914 நவம்பர் 9 காலையில், சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பலோடு மோதியபோது முதலில் அடித்தது எம்டன்தான். ஒன்பதரை கிலோமீட்டரிலிருந்து. அவ்வளவு தூரம் எட்டும் என்று சிட்னியின் கேப்டன் கிளாசப் எதிர்பார்க்கவில்லை. குழலை 30 டிகிரி வரை நிமிர்த்தும்படி ஜெர்மானியர்கள் தாங்கியை அமைத்திருந்தார்கள், 12 கிலோமீட்டர் வரை போகும். முதல் குண்டுகள் விழுவதற்குள் அடுத்த இரண்டு வரிசைக் குண்டுகளும் வானத்தில் இருந்தன. ஒன்று சிட்னியின் தூரமானியைப் பெயர்த்து, அதில் இருந்தவரைக் கொன்றது. ஆனால் வெடிக்கவில்லை.

வெடித்திருந்தால் என்ற கேள்வி அப்பாவுக்கு எப்போதும் உண்டு.

சிட்னி தள்ளிப் போனது. 6 அங்குலப் பீரங்கி, 45 கிலோ குண்டு, கூடுதல் வேகம். எட்டாத தூரத்தில் நின்று ஒன்றரை மணி நேரம் அடித்தார்கள். எம்டனின் மூன்று புகைபோக்கியும் சாய்ந்தன. கேப்டன் முல்லர் கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். எம்டன் சுட்டது சுமார் 1,500 குண்டு, பட்டது 16. சிட்னி சுட்டது சுமார் 670, பட்டது நூறு.

செப்டம்பர் 18, வியாழன்

3.4.

செப்டம்பர் 19, வெள்ளி

மருந்து மாற்றியிருக்கிறார்களாம். டோஸைக் கூட்டினால் பிரஷர் ஏறுகிறது, குறைத்தால் இறங்குகிறது. டியூட்டி டாக்டர் இளம்பிள்ளை, நின்று பொறுமையாகச் சொன்னார். "பார்த்துப் பார்த்துத்தான் கொண்டு வரணும்மா."

கடலில் சுடுகிறவனும் அப்படித்தான். தண்ணீர்த் தூண் இலக்குக்கு முன்னால் எழுந்தால் தூரத்தைக் கூட்டு, பின்னால் எழுந்தால் குறை. இரண்டு பக்கமும் எழுந்தால் கிடைத்துவிட்டது, இனி விடாதே. ஆனால் குண்டு போய் விழ அரை நிமிடம் ஆகும். அதற்குள் எதிரிக் கப்பல் வேறிடம் போயிருக்கும். 1916இல் ஜட்லாண்ட் கடற்போரில் பிரிட்டன், ஜெர்மனி இரண்டு தரப்பும் சுட்ட பெரிய குண்டுகளில் பட்டது நூற்றுக்கு மூன்றளவுதான். அவ்வளவு செலவழித்துச் செய்த இயந்திரங்கள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அமாவாசை. அம்மா காலையில் காக்கைக்குச் சாதம் வைத்துவிட்டு வந்தாள். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1914 ஆகஸ்ட் 21 சூரிய கிரகணம். அடுத்த அமாவாசை செப்டம்பர் 19 இரவு. அப்படியானால் எம்டன் மெட்ராஸுக்கு வந்த 22ஆம் தேதி மூன்றாம் பிறை, ஒன்பதரைக்கு முன்பே மறைந்திருக்கும். நவராத்திரி மூன்றாம் நாள். மைலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் கொலு முன்னால் விளக்கு எரிந்திருக்கும், சுண்டல் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வீடு திரும்பியிருப்பார்கள். அந்த இருட்டில் கடலிலிருந்து வெடிச்சத்தம்.

இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும். பிறைக் கணக்கை அவர் யோசித்திருக்க மாட்டார்.

செப்டம்பர் 22, திங்கள்

அம்மாவை உட்கார வைத்துவிட்டு உயர் நீதிமன்றம் வரை போனேன். மதிலில் எம்டன் சுட்டதைச் சொல்லும் அந்தச் சின்னக் கல்வெட்டு. கையால் தடவினேன், எழுத்துக்குள் தூசி. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் "செண்பகராமன் அந்தக் கப்பல்ல வந்தாரும்மா" என்றார். விடுதலைப் போராட்டக்காரரான செண்பகராமன் அப்போது ஐரோப்பாவில் இருந்தவர், கப்பலில் வரவில்லை. நான் மறுத்துச் சொல்லவில்லை. பெரியவர் அவ்வளவு ஆசையாகச் சொன்னார்.

அன்று எம்டன் சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் நின்று, தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளை நோக்கிச் சுமார் 130 குண்டு. அரை மணி நேரம்கூட இல்லை. தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரே விளக்கேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டவை எதுவும் படவில்லை. செத்தவர்கள் சிலரே. ஆனால் ஊர் காலியானது, ரயிலேறியும் நடந்தும் ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். கடற்போரில் அது சின்னப் பீரங்கி. ஒரு மொழிக்குள் சொல்லாக நுழைந்துவிட்டது.

மாலை: 3.3. இறங்கியிருக்கிறது!

செப்டம்பர் 23, செவ்வாய்

3.7.

செப்டம்பர் 24, புதன்

அப்பாவின் பழைய கேள்விக்குப் போகிறேன். பீரங்கியின் முன்வாய் எல்லோருக்கும் தெரியும், பின்வாயை எப்படி மூடுவது?

பிரிட்டிஷ்காரன் திருகு வைத்தான். மரையைத் துண்டு துண்டாக, படிப்படியாகச் செதுக்கியிருப்பான். உள்ளே தள்ளிக் கொஞ்சம் திருகினால் இறுகிவிடும். இதை எனக்குப் புரியவைக்க அப்பா ஒரு போல்ட்டை லேத்தில் கடைந்து, பக்கங்களை அரத்தால் வழித்து, பொருந்துகிற நட்டும் செய்து கொடுத்தார். இன்னும் என் மேஜையில் இருக்கிறது. ஜெர்மானியன் பக்கவாட்டில் நகரும் இரும்புக் கட்டை வைத்தான். அதில் வாயு கசியாமல் இருக்க வெடிமருந்தைப் பித்தளைக் குப்பியில் அடைக்க வேண்டும், சுடும்போது குப்பி விரிந்து அடைத்துக்கொள்ளும். திருகு வைத்தவனுக்குக் குப்பி தேவையில்லை, பட்டுத்துணிப் பை போதும். லேசு.

பின்வாயை மூடும் விதம் என்று ஆரம்பித்த சமாச்சாரம், ஆயிரக்கணக்கான பேர் உயிரில் போய் முடிந்தது.

மருந்து. இதற்கும் அதற்கும் தமிழில் ஒரே சொல். மருந்தறை என்று எழுதியிருக்கிற கதவைத் தாண்டித்தான் தினமும் ஐ.சி.யூ.வுக்குப் போகிறேன்.

செப்டம்பர் 25, வியாழன்

டயாலிசிஸ். கையெழுத்துப் போட்டேன். எங்கே எல்லாம் போட்டேன் என்று நினைவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

அந்த விரல்கள்.

எனக்கு ஒன்பது வயது. பிரஸ் ஷாப்பில் ஆள் வரவில்லையென்று டர்னரான அப்பாவை அங்கே நிறுத்தினார்கள். பிரஸ்ஸின் முன்னால் கம்பிவலைக் கார்டு இருக்கும். அது கீழே இறங்கினால்தான் மெஷின் அடிக்கும். கார்டைக் கழற்றிவிட்டால் ஷிஃப்டுக்குக் கூடுதலாகப் பீஸ் வரும். கழற்றச் சொன்னவர் யார் என்பது ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும், விசாரணையில் யாருக்கும் தெரியாமல் போனது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். அப்பா அந்தக் காகிதத்தை மடித்து பீரோவில் வைத்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு நாளும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. கப்பலைப் பற்றிப் பேசுவார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அம்மா இன்று இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

1915 ஜனவரி 24, வடகடலில் டாகர் பாங்க் சண்டை. பிரிட்டனின் லயன் கப்பலின் 13.5 அங்குலக் குண்டு ஜெர்மனியின் சைட்லிட்ஸ் கப்பலின் பின் பீரங்கிக் கோபுரத்தைத் துளைத்தது. மருந்து பற்றிக்கொண்டது. கீழே இருந்தவர்கள் தப்பிக்கப் பக்கத்துக் கோபுரத்துக்குப் போகும் கதவைத் திறந்தார்கள். அவர்களோடு நெருப்பும் போனது. இரண்டு கோபுரமும் எரிந்தன, 159 பேர். ஹைட்காம்ப் என்ற பம்புக்காரர், பழுக்கக் காய்ந்த வால்வுகளை வெறுங்கையால் திருகித் திறந்து, வெடிமருந்து வைக்கும் மருந்தறைக்குள் கடலை விட்டார். கப்பல் பிழைத்தது. பித்தளைக் குப்பியும் காப்பாற்றியது, மருந்து எரிந்ததே தவிர ஒரேயடியாக வெடிக்கவில்லை.

கதவைத் திறந்தவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நானும் திறந்திருப்பேன்.

ஜெர்மானியர்கள் பாடம் கற்றார்கள். வெளியே எடுத்து வைக்கும் மருந்தைக் குறைத்தார்கள், கதவுகளைத் திருத்தினார்கள். பெரிய பீரங்கியும் வேகமும் கொண்ட பிரிட்டிஷ் போர்க்குரூசர் கப்பல்களில் நேர் எதிராக நடந்தது. வேகமாகச் சுடுகிறவனே ஜெயிப்பான் என்று நம்பினார்கள். மருந்தறைக் கதவு திறந்தே இருக்கும், பட்டுப் பைகள் வெளியே அடுக்கியிருக்கும். பீஸ் கூட வர வேண்டும்.

1916 மே 31, ஜட்லாண்ட். பிரிட்டிஷ் கப்பல் இன்டிஃபாட்டிகபிள் வெடித்தது. இருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் இருவர் பிழைத்தார்கள். அரை மணிக்குள் குயின் மேரி. 1,266 பேர்.

லயன் மட்டும் ஏன் தப்பியது? அதில் அலெக்ஸாண்டர் கிராண்ட் என்ற தலைமைப் பீரங்கிக்காரர் இருந்தார். சண்டைக்கு முன்பே மருந்தறையைப் பார்த்துவிட்டு, ஒரு கதவுதான் திறக்கலாம், தேவைக்கு மேல் ஒரு பையும் வெளியே வரக் கூடாது என்று நிறுத்தினார். வேகம் குறையும் என்றவர்களுக்கு, குறையாது என்று செய்தும் காட்டினார். அன்று நடுக்கோபுரத்தில் குண்டு விழுந்தது. அந்தக் கோபுரத்தின் அதிகாரி மேஜர் ஹார்வி உடல் சிதைந்த நிலையில், கதவை மூடி மருந்தறையில் தண்ணீரை விடச் சொல்லிவிட்டு இறந்தார். பிறகு நெருப்பு கீழே பாய்ந்தபோது அங்கிருந்தவர்கள் எல்லோரும் செத்தார்கள். மருந்தறைச் சுவர் நெளிந்தது. பின்னால் தண்ணீர் இருந்ததால் தாங்கியது.

ஹார்விக்கு விக்டோரியா கிராஸ் வீரப் பதக்கம் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். கிராண்டின் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

செப்டம்பர் 29, திங்கள்

இன்வின்சிபிள், இன்னொரு பிரிட்டிஷ் போர்க்குரூசர். 1914 டிசம்பரில் ஃபாக்லாண்ட் தீவுகளருகே இன்னொரு கப்பலோடு சேர்ந்து, இரண்டு ஜெர்மன் கப்பலை மூழ்கடிக்க 12 அங்குலக் குண்டு 1,174 செலவழித்தது இதே கப்பல்தான். ஜட்லாண்டில் அதற்கு ஒரு குண்டு போதுமானதாக இருந்தது. இரண்டாகப் பிளந்து, முன்பாதியும் பின்பாதியும் தரையில் ஊன்றி நேராக நின்றன. கடல் அவ்வளவு ஆழமில்லை. 1,026 பேர் போனார்கள், ஆறு பேர் வந்தார்கள்.

2.9.

செப்டம்பர் 30, செவ்வாய்

2.4. சிஸ்டரே வெளியே வந்து சொன்னார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையில் வீட்டுக்குப் போய் அப்பாவின் மரப்பெட்டியைத் திறந்தேன். மைக்ரோமீட்டர், வெர்னியர், மரை கேஜ். எண்ணெய்த் துணியில் சுற்றி, அவர் வைத்தபடியே. துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். என் மேஜையிலிருந்த போல்ட்டையும் பக்கத்தில் வைத்தேன். நட்டுக்குள் தள்ளிக் கொஞ்சம் திருகினேன். முப்பது வருஷம் ஆகியும் அசங்காமல் பிடிக்கிறது.

11 மணிக்கு அவர் நெற்றியில் குங்குமம் வைக்க சிஸ்டர் விட்டார். கட்டை அவிழ்த்திருந்தார்கள். காதருகே குனிந்து "அன்னிக்கு மூணாம் பிறைப்பா, கும்மிருட்டு" என்றேன். கண் திறந்திருந்தது. மூன்று விரலும் என் மணிக்கட்டைப் பிடித்தன.

அக்டோபர் 3, வெள்ளி

டியூப்பை எடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். 4 மணிக்கு.