தமிழ் வழியே ஒரு ஸ்பானிய வினைக்காலம்

வேலைக்குச் செல்பவர்களுக்கு மாலை வேளைகளில் ஸ்பானிய மொழி கற்பித்து வருகிறேன். பி2 என்னும் மேல்-இடைநிலைத் தேர்ச்சியை எட்டும் மாணவர்கள் தயங்கி நிற்கும் இடங்களுள் ஒன்று, ‘கொந்திசியோனல் கொம்புவெஸ்தோ’ என்னும் நிறைவு நிபந்தனைக் காலம். இதை ஆங்கிலத்தின் வழியே விளக்குவதை விட்டுவிட்டுத் தமிழிலிருந்தே தொடங்குவதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

‘பேசியிருப்பேன்’ என்று பலகையில் எழுதிப் பிரித்துக் காட்டுவேன். யார் பேசினாலும் ‘பேசி’ மாறுவதில்லை. இருப்பேன், இருப்பாய், இருப்பார்கள் என்று துணைவினைதான் மாறுகிறது. ஸ்பானியத்திலும் ‘அபேர்’ என்னும் துணைவினை அப்ரீயா, அப்ரீயாஸ், அப்ரீயா, அப்ரீயாமோஸ், அப்ரீயாயிஸ், அப்ரீயான் என்று இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்பத் திரிய, அதன்பின் வரும் எச்சம் அப்படியே நிற்கிறது. ‘ஆர்’ என்று முடியும் அப்லார் (பேசு), அப்லாதோ ஆகும். ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடியும் கொமேர் (உண்), பிபீர் (வாழ்) ஆகியவை கொமீதோ, பிபீதோ ஆகும். ஒழுங்கான வினைகளுக்கு இவ்வளவே. தன்மை ஒருமையும் படர்க்கை ஒருமையும் ஒரே வடிவில் இருப்பது மட்டும் நம்மவர்களுக்குப் புதிது. ஐயம் எழும் இடத்தில் ‘யோ’ (நான்) என்று எழுவாயையும் சேர்த்துச் சொல்லப் பழக்குகிறேன்.

தமிழின் துணை பெரிதும் உதவுவது நிபந்தனை வாக்கியத்தில்தான். ‘படித்திருந்தால் தேர்ச்சி பெற்றிருப்பேன்’ என்பதில் இருந்தால், இருப்பேன் என்னும் இரண்டையும் எந்தத் தமிழரும் இடம் மாற்றுவதில்லை. அதையே ஸ்பானியத்தில் ‘சி உபியேரா எஸ்துதியாதோ, அப்ரீயா அப்ரோபாதோ’ என்னும்போது ‘உபியேரா’ முன்னதன் இடத்திலும் ‘அப்ரீயா’ பின்னதன் இடத்திலும் அமர்கின்றன. இந்தப் பிடிப்பு இல்லாதவர்கள் இரண்டு பாதியிலும் ‘அப்ரீயா’ எழுதிவிடுகிறார்கள். வட ஸ்பெயினின் சில பகுதிகளில் தாய்மொழியாளர்களே அவ்வாறு பேசுவதுண்டு என்றாலும், பொது வழக்கு அதை ஏற்பதில்லை.

ஆனால் ‘இருப்பான்’ என்பது தமிழில் ஊகத்தையும் உணர்த்துமாகையால், இங்கே மாணவர்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ‘இந்நேரம் சாப்பிட்டிருப்பான்’ என்பது ஸ்பானியத்தில் எதிர்கால நிறைவாகிய ‘அப்ரா கொமீதோ’ ஆகும். ‘நேற்று நான் போவதற்குள் சாப்பிட்டிருப்பான்’ என்று, கடந்துபோன ஒரு வேளைக்கும் முந்தியதை ஊகிக்கும்போதுதான் ‘அப்ரீயா கொமீதோ’ பொருந்தும். ஆகவே ஒழுங்கான வினைகளின் பட்டியலை ஒப்பிக்கச் சொல்வதற்கு முன்பாக, இவ்விரண்டு வாக்கியங்களையும் எழுதி வாங்குகிறேன்.