பாதிரியார் இல்லாத வழிபாடு: பிரிக்ஃபிளாட்ஸில் ஒரு ஞாயிறு

முதலில் டாக்ஸியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனம் ஆறாது. இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் இருந்து செட்பர் என்ற ஊர்ப் பக்கம் சுமார் 10 மைல். முந்தைய நாள் போனில் 28 பவுண்டு என்றார் டிரைவர். இறங்கும்போது 40 கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ரேட் என்றார். அப்புறம் சந்து குறுகல், வண்டியைத் திருப்புவது கஷ்டம் என்றார். வழிபாடு 10.30க்கு. வாக்குவாதம் செய்ய நேரமில்லாமல் கொடுத்துவிட்டேன். அதிகமாகப் போன 12 பவுண்டு, விடுதியில் பாதி ராத்திரிக்கான வாடகை! ஞாயிறு காலையில் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர எனக்குப் பேருந்து கிடைக்கவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் எரிச்சல்.

சரி, போன இடம் பிரிக்ஃபிளாட்ஸ். இங்கிலாந்தின் வடமேற்கில் கம்ப்ரியா பகுதி. செட்பர் ஊரிலிருந்து அரை மணி நேரம் நடந்தால் வந்துவிடும், நாலைந்து வீடுகள் கொண்ட குடியிருப்பு. ஒரு காலத்தில் ஆளிநார் நெய்தவர்கள் வாழ்ந்த இடம். பின்னால் ஹௌகில் குன்றுகள், பக்கத்தில் ராதி ஆறு. சந்தின் முடிவில் வெள்ளையடித்த கல் வீடு ஒன்று. கோபுரம் கிடையாது, சிலுவை கிடையாது, மணி கிடையாது. வாசல் முகப்பில் 1675 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. பாதிரியார் இல்லாமல் மௌனமாக வழிபடும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் வழிபடக் கூடும் 'கூட்ட வீடு' அது.

எப்படிப் போவது, என்ன செலவு, எதைப் பார்ப்பது என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அங்கே உட்கார்ந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் எனக்கு முதலில் பேச வேண்டும்.

அதற்குக் கொஞ்சம் வரலாறு தேவை. 1652இல் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற 27 வயது இளைஞர் இந்தப் பக்கம் நடந்தே வந்தார். நெசவாளர் மகன், செருப்புத் தொழில் பழகியவர். கடவுளோடு பேச யாருக்கும் இடையில் ஒரு ஆள் வேண்டாம், அந்த ஒளி ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இருக்கிறது என்பதுதான் அவர் சொன்னது. பிரிக்ஃபிளாட்ஸில் ஒரு வீட்டில் தங்கி, செட்பர் சந்தையில் பேசினார். அதன்பின் ஜூன் 13ஆம் தேதி, பக்கத்து ஃபர்பேங்க் குன்றில் ஆயிரம் பேர் போலக் கூடிய இடத்தில் ஒரு பாறையில் இருந்து மூன்று மணி நேரம் பேசினார். குவேக்கர் இயக்கம் உருத்திரண்டது அந்தக் கோடையில்தான்.

பிறகு சட்டம் பாய்ந்தது. வீட்டாரைத் தவிர ஐந்து பேர் அரசுத் திருச்சபை முறையை விட்டு வேறு வழியில் வழிபடக் கூடினாலே குற்றம். 1670 சட்டப்படி வந்தவருக்கு ஐந்து ஷில்லிங், இடம் கொடுத்தவருக்கு 20 பவுண்டு அபராதம். அந்தக் காலத்து 20 பவுண்டு ஒரு சிறு விவசாயியை நடுத்தெருவில் நிறுத்திவிடும். அந்தச் சட்டம் அமலில் இருக்கும்போதே, ஒளிந்து கூடாமல், ஆண்டைக் கல்லில் பொறித்துக் கூட்ட வீடு கட்டியிருக்கிறார்கள். வழிபாட்டுச் சுதந்திரம் சட்டமானது 1689இல். பதினாலு வருஷம் முன்பே கட்டிவிட்டார்கள்! வாசலில் நின்று அந்த எண்ணைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

உள்ளே ஓக் மரப் பலகைகள், மேலே சுற்றி மரத்தில் ஒரு மாடம். படிக்கட்டின் அடியில் நாய்க்கு ஒரு சின்ன அடைப்பு. ஆடு மேய்ப்பவர்கள் நாயோடுதான் வருவார்கள், வழிபாடு முடியும்வரை நாய் அதற்குள் இருக்கும். இந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதுதான். வேலையை விட்டுவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை, வேலை செய்கிற நாய்க்கும் சேர்த்து இடம் போட்டிருக்கிறார்கள்.

கதவருகே ஒரு பாட்டி கை குலுக்கி, எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள் என்றார். எங்கே வேண்டுமானாலும் என்றால் உண்மையாகவே அப்படித்தான். பெரிய மனிதர்களுக்கென்று முன்வரிசை இல்லை. நடுவில் ஒரு மேசை, ஒரு குவளையில் தோட்டத்துப் பூ, ஒரு பைபிள். சுற்றிலும் ஒருவரை ஒருவர் பார்க்கிற மாதிரி இருக்கைகள். பதினைந்து பேர் இருந்திருப்போம். யாரும் எழுந்து 'ஆரம்பிக்கலாம்' என்று சொல்லவில்லை. முதல் ஆள் உள்ளே வந்து உட்கார்ந்தபோதே வழிபாடு ஆரம்பித்துவிட்டது என்று பிறகுதான் விளக்கினார்கள்.

அப்புறம் மௌனம். பாட்டில்லை, பிரசங்கமில்லை, மந்திரமில்லை. ஒரு மணி நேரம்.

முதல் கால் மணி நேரம் என் மனது அந்த 12 பவுண்டைத்தான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. ஒருவர் இருமினார், பலகை கிறீச்சிட்டது, வெளியே செம்மறியாடுகள் கத்தின. எதிரில் இருந்த சிறுமி காலை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் எழுந்து வேறு அறைக்குப் போனார்கள். கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான் திரும்பி வருவார்களாம். அதன்பின் அறை எப்படியோ கனத்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். சிலர் கண்மூடி இருந்தார்கள், சிலர் ஜன்னலைப் பார்த்தபடி. யாரும் தனியாகத் தியானம் செய்கிற மாதிரி தெரியவில்லை. எல்லோரும் சேர்ந்து பாரமான ஒன்றை அலுங்காமல் தூக்கி வைத்திருக்கிற மாதிரி இருந்தது. நான் தியான முகாம்களுக்குப் போயிருக்கிறேன். அங்கே பக்கத்தில் இருப்பவர் யார் என்பது பொருட்டே இல்லை. இங்கே பக்கத்தில் இருப்பவர்தான் பாதி வழிபாடு.

நாற்பது நிமிடம் போனபின் ஒரு பெண் எழுந்து நின்றார். உடன்பிறந்தவரோடு பேச்சு நின்றுபோய் வருடங்கள் ஆகின்றன, இந்த வாரம் தொலைபேசியை எடுத்துவிட்டு மறுபடி வைத்துவிட்டேன் என்றார். மூன்று நான்கு வாக்கியங்கள்தான். உட்கார்ந்துவிட்டார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை, வசனம் காட்டவில்லை. யாருக்கும் பேச உரிமை உண்டு. ஆனால் ஒருவர் சொன்னதற்குப் பதில் சொல்வதோ விவாதிப்பதோ கூடாது. அடுத்தவர் பேசுவதென்றாலும் நடுவில் போதிய இடைவெளி விட வேண்டும். என் தொண்டை அடைத்தது. பேசுவதற்கு ஒரு இடம் வேண்டும், அறிவுரை வேண்டாம் என்று நினைக்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்.

ஒரு மணி ஆனதும் மூத்தவர் இருவர் கை குலுக்கினார்கள். உடனே எல்லோரும் பக்கத்தில் இருப்பவரோடு கை குலுக்கினோம். முடிந்தது. அறிவிப்புகள்: யாருக்கு அறுவை சிகிச்சை, யாரை மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப் போக வேண்டும், தோட்டத்தில் களையெடுக்க யார் வருகிறீர்கள். பிறகு டீ.

டீ நேரத்தில்தான் எனக்கு நிஜமான தடுமாற்றம். வாசலில் நின்ற பாட்டிக்கு எண்பது வயது இருக்கும். பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். எனக்கு வாய் வரவில்லை. அவர்களிடம் திருவாளர், திருமதி, டாக்டர், சர் எதுவும் கிடையாது. ஆரம்ப காலத்தில் நீதிபதி முன்னால் தொப்பியைக் கழற்ற மறுத்தே சிறைக்குப் போனவர்கள். நீதிமன்றத்தில் சத்தியம் செய்வதில்லை. சத்தியம் செய்தால் மற்ற நேரம் பொய் சொல்வேன் என்று ஆகிவிடுமே என்பது அவர்கள் வாதம். வியாபாரத்திலும் அதே பிடிவாதம். பேரம் பேசித்தான் எதையும் வாங்க முடிந்த 17ஆம் நூற்றாண்டில், குவேக்கர் கடைக்காரர்கள் ஒரே விலை சொன்னார்கள். வாங்கப்போகும் தொகையைவிடக் கூடுதலாகக் கேட்பதே பொய் என்று நினைத்தார்கள். குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்று கூட்டம் சேர்ந்தது. காட்பரி, ரவுன்ட்ரீ, ஃப்ரை என்ற சாக்லேட் குடும்பங்கள் மூன்றும் குவேக்கர்கள்தான். காலையில்தான் டாக்ஸிக்கு 12 பவுண்டு அழுதிருந்த எனக்கு இந்தக் கதை தேனாக இனித்தது.

அன்று சாப்பாடும் இருந்தது. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டார்கள். லீக்கும் உருளைக்கிழங்கும் போட்ட கெட்டி சூப், சுடச்சுட ரொட்டி, வென்ஸ்லிடேல் சீஸ், கடைசியில் ருபார்ப் கிரம்பிளும் கஸ்டர்டும். ருபார்பின் புளிப்பு நாக்கில் பட்டதும் புளிக்குழம்பு சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. இரண்டு முறை வாங்கினேன். இந்தப் பயணத்திலேயே ஆகச் சிறந்த சாப்பாடு இதுதான். காசு யாரும் கேட்கவில்லை. வழிபாட்டில் தட்டு ஏந்தி வரவும் இல்லை. ஓரத்தில் ஒரு நன்கொடைப் பெட்டி, அவ்வளவுதான். போட்டேன், மனமாரப் போட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்: பாதிரியார் இல்லாமல் எப்படி நடத்துகிறீர்கள்? எல்லா வேலையும் பிரித்துக்கொள்கிறார்கள். கூட்டத்தை நடத்தும் கிளார்க், கணக்குப் பார்ப்பவர், வழிபாட்டைக் கவனிக்கும் மூத்தவர்கள் எல்லோரும் பொதுவாக மூன்று வருடத்துக்கு. பிறகு அடுத்தவர். நிர்வாகக் கூட்டமும் மௌனத்தில்தான் தொடங்கும். ஓட்டெடுப்பே கிடையாது! பெரும்பான்மை ஜெயித்தால் சிறுபான்மை தோற்றதாகிவிடும் என்று 350 வருடமாக ஓட்டு இல்லாமலே சமாளிக்கிறார்கள். ஒவ்வொருவராகப் பேசுவார்கள், கூட்டத்தின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கிளார்க் உணர்ந்து அங்கேயே தீர்மானத்தை எழுதி வாசிப்பார். எல்லோரும் 'அப்படியே ஆகட்டும் என்று நம்புகிறோம்' என்கிற மாதிரி ஒரு சொல் சொன்னால் முடிவு. இல்லையென்றால் அடுத்த மாதம். இன்னொரு ஊர்க் கூட்ட வீட்டில் வெந்நீர்க் கொதிகலனை மாற்ற எத்தனை மாதம் பேசினார்கள் என்று ஒரு தாத்தா சொன்னார். எனக்குப் பொறுமை போய்விடும் என்றேன். எங்களுக்கும் போகும், ஆனால் முடிவுக்குப் பின் யாரும் முணுமுணுப்பதில்லை என்றார். எங்கள் அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை இதைச் செய்து பார்க்க வேண்டும், நிஜமாகவே சொல்கிறேன்.

திருமணமும் இப்படித்தான். நடத்தி வைக்க ஆள் இல்லை. மௌனத்தின் நடுவில் இருவரும் எழுந்து ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கிறார்கள், வந்தவர்கள் எல்லோரும், குழந்தைகள் உட்பட, பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரே பாலினத்தவரின் திருமணத்தையும் இப்படியே நடத்துவது என்று பிரிட்டன் குவேக்கர்கள் 2009இலேயே முடிவெடுத்துவிட்டார்கள். வழிபாட்டில் பெண்களும் ஆரம்பத்தில் இருந்தே பேசினார்கள். பெண்கள் பேசுவது சரிதான் என்று, இயக்கத்தின் ஆரம்பகாலத் தலைவர்களில் ஒருவரான மார்கரெட் ஃபெல் 1666இல், அதுவும் சிறையில் இருந்தபடி எழுதினார்.

நான் தமிழ் என்றதும் ஒருவர் மார்ஜரி சைக்ஸ் பெயரைச் சொன்னார். யார்க்ஷயரில் பிறந்து, 1928இல் சென்னை பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தவர். பிறகு குவேக்கரானார், காந்தியின் ஆதாரக் கல்விப் பணியில் சேர்ந்தார், கோத்தகிரியில் பல வருடம் வாழ்ந்தார். கம்ப்ரியா மூலையில் உட்கார்ந்து கோத்தகிரி என்ற சொல்லைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். குளிர். கம்பளிச் சட்டை இல்லாமல் போகாதீர்கள். வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. வெள்ளைக்காரர் அல்லாத ஆள் நான் ஒருத்திதான். சமத்துவத்தை இவ்வளவு ஆழமாகப் பிடித்துக்கொண்டவர்களிடம் இது எனக்கு உறுத்தியது. கேட்டேன். சமாளிக்காமல், எங்களுக்கும் கவலைதான் என்றார்கள். ஆனால் உலகம் முழுக்க இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். குவேக்கர்கள் அதிகம் இருப்பது கென்யாவில், அங்கே போதகரும் உண்டு, வாய்விட்டுப் பாட்டும் உண்டு.

கோபம் வந்த இன்னொரு விஷயம். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு குடும்பம் வந்தது. மாடத்தைப் போட்டோ எடுத்தார்கள், நாய் அடைப்பைப் போட்டோ எடுத்தார்கள், பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள். டீ வேண்டுமா என்று கேட்டவருக்குப் பதில்கூட இல்லை. பழைய பலகையைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அங்கே இருக்கிற ஒரே பொக்கிஷம் ஞாயிற்றுக்கிழமை அந்த இருக்கைகளில் வந்து உட்காருகிற பதினைந்து பேர்தான். போனால் 10.30க்குப் போய் உட்காருங்கள், டீ முடியும்வரை இருங்கள். நீங்கள் எந்த மதம், கடவுள் நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்கப் போவதில்லை. அவர்களிலேயே கடவுள் என்ற சொல்லை விரும்பாதவர்கள் இருக்கிறார்கள்.

பிற்பகலில் ஒருவர் காரில் ஃபர்பேங்க் குன்றுக்கு அழைத்துப் போனார். ஃபாக்ஸ் பேசிய பாறையில் ஒரு தகடு பதித்திருக்கிறது. பக்கத்தில் பழைய கல்லறைகள் சில, மற்றபடி காற்றும் ஆடும்தான். அன்று ஏன் பக்கத்துத் தேவாலயத்துக்குள் பேசவில்லை என்று கேட்டவர்களுக்கு, அந்தக் கட்டடமும் அது நிற்கும் நிலமும் இந்த மலையைவிடப் புனிதமானவை இல்லை என்றாராம் ஃபாக்ஸ். காரில் அழைத்து வந்தவரே அங்கிருந்து ஆக்ஸன்ஹோம் ரயில் நிலையம்வரை கொண்டு விட்டார். பெட்ரோலுக்குப் பணம் நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார்.

போகிறவர்களுக்கு: லண்டனில் இருந்தோ மான்செஸ்டரில் இருந்தோ வந்தால் இறங்க வேண்டியது ஆக்ஸன்ஹோம். ரயில் சீட்டை முன்கூட்டியே வாங்கினால் பாதிக்குப் பாதி மிச்சம். தங்க செட்பரைவிடக் கெண்டல் மலிவு. கெண்டல் கூட்ட வீட்டில் குவேக்கர் வரலாற்றை 77 துணிச் சித்திரங்களாகத் தைத்து வைத்திருக்கிறார்கள், அது தனிப் பதிவுக்கான விஷயம். அடுத்து அல்வர்ஸ்டன் பக்கம் மார்கரெட் ஃபெல் வாழ்ந்த ஸ்வார்த்மூர் மாளிகைக்குப் போக வேண்டும். ரயில் கட்டணத்தை நேற்றே பார்த்துவிட்டேன், அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் சீட்டு எடுக்கிறேன்.