வீட்டை எங்கே நிறுத்தியிருக்கிறாய்?

டெக்சாஸுக்கு வந்த புதிதில் வீடு தேடியபோது ஒரு விளம்பரத்தில் ‘மொபைல் ஹோம்’ என்று பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற வீடு என்று நினைத்துவிட்டேன். ‘லீவு விட்டா வீட்டோடவே ஊர் சுற்றலாம்’ என்று மனைவியிடம் வேறு பெருமையடித்தேன்.

நேரில் போனால் மூன்று படுக்கையறை, துணி துவைக்கத் தனி அறை, வாசலில் மரப்படி. சக்கரம் எங்கே? பக்கத்து வீட்டுப் பெரியவர் சிரித்துக்கொண்டே, வீட்டின் அடியைச் சுற்றி மறைத்திருந்த வினைல் பலகை ஒன்றைக் கழற்றினார். அதற்கு ஸ்கர்ட்டிங் என்று பெயராம். வீட்டுக்குப் பாவாடை! டார்ச் அடித்துப் பார்த்தால் நீளமான இரும்புச் சட்டம், அதைத் தாங்க அடுக்கிய கான்கிரீட் கற்கள், புயலுக்குப் பெயராமல் தரையோடு இறுக்கிய இரும்புப் பட்டைகள். தொழிற்சாலையிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்குத்தான் அது மொபைல். மறுபடி நகர்த்துவதென்றால் தண்ணீர், சாக்கடை, கரண்ட் எல்லாவற்றையும் துண்டித்து, அனுமதி வாங்கி, பெரிய லாரி பிடித்து... அது ஒரு கல்யாண வேலை.

சட்டப்படி அது மொபைல் ஹோமும் இல்லை. 1976 ஜூன் 15 முதல் மத்திய அரசின் வீட்டுவசதித் துறை விதிப்படி கட்டியவற்றுக்கு ‘மேனுஃபாக்சர்டு ஹோம்’ என்று பெயர். வெளிச்சுவரில் சிறிய சிவப்புத் தகடு இருக்கும். ஆனாலும் பழைய பெயரை யாரும் விடுவதாயில்லை.

நான் மனதில் வைத்திருந்தது ட்ராவல் ட்ரெய்லர். அதுவும் பெரியவர் வாசலிலேயே நம்பர் பிளேட்டோடு நின்றது. பிக்கப் டிரக்கின் கொக்கியில் மாட்டினால் கிளம்பிவிடும். ரோட்டில் ஓட வேண்டுமே, அதனால் அகலம் எட்டரை அடிக்குள்தான். கட்டிலில் படுத்தபடி கையை நீட்டினால் அடுப்பு. பேட்டரி, கேஸ் சிலிண்டர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் கூடவே வருவதால் இணைப்பு இல்லாத காட்டிலும் இரண்டு மூன்று நாள் தாங்கும். குளித்த தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிவறைக்குத் தனித் தொட்டி. ஒருமுறை அவரோடு ஏரிக்கரைக்குப் போனபோது அந்த இரண்டாவதைக் காலி செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. குழாயைச் சரியாகத் திருகாமல் வால்வை இழுத்தேன். புது ஷூவை அங்கேயே குப்பையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு திரும்பினேன்.

கடைசியில் அந்த மொபைல் ஹோமையே வாங்கினோம். வீடு எங்களுடையது, அடியில் உள்ள மண் வேறொருவருடையது. அதற்கு மாதாமாதம் லாட் ரென்ட். அம்மாவுக்கு இதை எத்தனை முறை விளக்கியும் ஏறவில்லை. இப்போதும் போனை எடுத்ததும், “இன்னிக்கு வீட்டை எங்கேடா நிறுத்தியிருக்க?” என்றுதான் கேட்கிறாள்.