பன்றி ரூபாயை ஏலத்தில் எடுத்த கதை

ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்டு 1911-இல் அச்சான வெள்ளி ரூபாய்க்கு, நாணயம் சேர்ப்பவர்களிடம் ‘பன்றி ரூபாய்’ என்று பெயர். மன்னரின் அங்கியில் ஒரு குட்டி யானை இருக்கும். தும்பிக்கை கட்டையாக விழுந்துவிட்டதால் அது பன்றி மாதிரி தெரிந்தது. முஸ்லிம்களிடையே எதிர்ப்பு கிளம்பவே, பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். 1912-இல் தும்பிக்கையைச் சரிசெய்து வேறு அச்சு வந்தது. தப்பிப் புழக்கத்துக்குப் போனவைதான் இன்று ஏலத்துக்கு வருகின்றன. மற்ற வருடத்து ஜார்ஜ் ரூபாயைவிட விலை அதிகம், அதனால் தில்லுமுல்லும் அதிகம்.

முதலில் எங்கள் ஊர் மதுரைக்குள்தான் தேடினேன். தெற்கு ஆவணி மூல வீதியில் பழைய வெள்ளி ரூபாய் வைத்திருக்கிற கடைகளில் விக்டோரியா கிடைத்தார், எட்வர்டு கிடைத்தார், 1911 மட்டும் இல்லை. சரி, இணைய ஏலம்தான் வழி என்று இறங்கினேன்.

கண்ணில் பட்ட முதல் நாணயத்தின் படம் அவ்வளவு அழகு. கறுப்புப் பின்னணி, ஸ்டுடியோ வெளிச்சம். அதே விற்பனையாளரின் மற்ற படங்களெல்லாம் மேஜை விரிப்பின் மேல் போனில் எடுத்தவை. இது மட்டும் எப்படி? கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். ஓர் ஏல நிறுவனத்தின் பழைய பட்டியலில் அதே படம், மன்னரின் கன்னத்தில் அதே கீறலோடு இருந்தது. இருந்தாலும் கேட்டுவிடலாமே என்று, நாணயத்தைத் தராசில் வைத்து, பக்கத்தில் அன்றைய பேப்பரும் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பச் சொன்னேன். படம் வரவில்லை. ‘தளத்துக்கு வெளியே முடித்துக்கொள்ளலாம், யுபிஐ-யில் போட்டுவிடுங்கள், கமிஷன் மிச்சம்’ என்று செய்திதான் வந்தது. வெளியே பணம் கட்டினால் தளத்தின் பாதுகாப்பு எதுவும் நமக்குக் கிடையாது. அத்தோடு விட்டுவிட்டேன்.

அடுத்தது இன்னும் சுவாரசியம். படம் அவருடையதுதான், எடையும் போட்டிருந்தார், வருடம் 1911 என்று தெளிவாகத் தெரிந்தது. ஆனால் படத்தைப் பெரிதாக்கி யானையைப் பார்த்தால், தும்பிக்கை நீளமாக, லட்சணமாக இருக்கிறது! 1912-இலிருந்து வந்த அச்சு அது. அப்புறம் வருடத்துக்கு வந்தேன். கடைசி ‘1’-ஐச் சுற்றி மட்டும் வெள்ளி பளபளவென்று, லேசாகக் குழிந்து கிடந்தது. ‘2’-ஐச் சுரண்டி ‘1’ ஆக்கியிருக்கிறார்கள். வருடத்தை மாற்றியவருக்கு யானையை மாற்ற முடியவில்லை, பாவம். 1938 ரூபாயை அரிதான 1939 ஆக்குவதும் இதே கை வரிசைதான்.

நாணயத்தை எவ்வளவு பார்க்கிறோமோ அதே அளவு ஆளையும் பார்க்க வேண்டும். ‘நூற்றுக்கு நூறு நல்ல மதிப்பீடு’ என்றிருக்கும். திறந்து பார்த்தால் அத்தனையும் போன் கவர் விற்று வாங்கியது. நான் நல்ல மதிப்பீடுகளைப் படிப்பதே இல்லை. மோசமானதையும், அதற்கு விற்பனையாளர் எழுதிய பதிலையும்தான் படிப்பேன். ஏலம் கேட்டவர்களின் விவரம் காட்டுகிற தளம் என்றால் அதையும் பார்ப்பேன். ஒரே ஆள், எதையும் எடுக்காமல், ஒரே விற்பனையாளரின் பொருள்களுக்கு மட்டும் விலை ஏற்றிக்கொண்டே இருந்தால் அது அவருடைய ஆள்தான். மாட்டுத்தாவணியில் மாட்டுச் சந்தை நடந்த காலத்திலேயே இந்த வித்தை இருந்திருக்கும்.

இதற்கிடையில் என் பெரியம்மா பையன், டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறார்களாம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதுமாம் என்று போன் செய்தான். பழைய நோட்டு, நாணயம் வாங்க விற்க ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. அதைச் சொன்னேன், கூடவே சைபர் குற்றப் புகார் எண் 1930-ஐயும் கொடுத்தேன். நல்லவேளை, பணம் இன்னும் கட்டவில்லை.

கடைசியாக ஒன்று சரியாக அமைந்தது. விற்பவர் பல வருடமாக நாணயம் மட்டுமே விற்கிறவர். இரு பக்கமும் விளிம்பும் தெரிகிற படங்கள், போலி என்றால் திருப்பி எடுப்பேன் என்று எழுத்தில் உறுதி. யானையும் கட்டைத் தும்பிக்கையோடு பன்றியாகவே நின்றது. ஏல விலைக்கு மேல் கமிஷன், ஜிஎஸ்டி, கூரியர் எல்லாம் சேரும் என்பதால் முழுத் தொகையைக் கணக்குப் போட்டு, அதிலிருந்து இவற்றைக் கழித்து உச்ச விலையைக் குறித்துக்கொண்டேன். அதைத் தளத்தில் பதிந்துவிட்டுப் படுத்துவிட்டேன். அந்த விலை வரைக்கும் தளமே நமக்காகப் படிப்படியாகக் கேட்கும். கடைசி நிமிடத்தில் உட்கார்ந்து பார்த்தால் கை சும்மா இருக்காது. காலையில் பார்த்தால், என் பெயரில் முடிந்திருந்தது.

பார்சலைப் பிரிப்பதை ஒட்டு பிரிக்கும் முன்பிருந்தே வீடியோ எடுத்தேன். பிறகு தெரிந்த பத்தரிடம் எடுத்துப்போனேன். 1835-இல் வகுத்த கணக்குப்படி ஒரு ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940-இல்தான் வெள்ளி 50 சதவீதமாகக் குறைந்தது. பத்தரின் தராசு 11.6 காட்டியது. இத்தனை வருடத் தேய்மானத்துக்கு அது சரி. உருக்கி வார்த்த போலிகளில் இருக்கிற மாதிரி விளிம்பில் வார்ப்புக் கோடு இல்லை, மேலே குமிழ்ப் பள்ளங்களும் இல்லை. பத்தர் கல்லில் தட்டிப் பார்த்தார். கணீரென்றது.

“நல்ல வெள்ளிதான் தம்பி. குடுக்கிறதுன்னா சொல்லுங்க, இன்னைக்கு ரேட்டுக்கே எடுத்துக்கிறேன்” என்றார். நான் கொடுத்த விலையை அவரிடம் சொல்லவில்லை.

1911-இல் அரை ரூபாயும் இதே யானையோடு வந்திருக்கிறது. எடை 5.83 கிராம். இப்போது ஒன்று ஏலத்தில் இருக்கிறது. விளிம்புப் படம் கேட்டிருக்கிறேன், அந்த ஆள் இன்னும் அனுப்பவில்லை.