மஞ்சளா, குட்டை நீலமா

கல்யாண மண்டபத்துப் பின்கட்டில், விடியற்காலை சாம்பார் அண்டா ஏறிய பிறகுதான் கேஸ் பட்டி, அதாவது விருந்துச் சமையலுக்கான பெரிய கேஸ் அடுப்பு, மக்கர் பண்ணும். உடனே ஒரு கை ரெகுலேட்டர் திருகுக்குப் போகும். அதுதான் முதல் தப்பு. குனிந்து தீயைப் பார்க்காமல் ரெகுலேட்டரைத் தொடவே கூடாது.

'தீ சரியில்லை' என்பதில் இரண்டு நோய் இருக்கிறது. நிறம் நீலமாகவே இருந்து உயரம் மட்டும் குறைந்தால் கேஸ் போதவில்லை. மஞ்சளாக நீண்டு அண்டா அடியில் கரி அப்பினால், கேஸ் வருகிறது, காற்றுதான் போதவில்லை. இதற்குப் போய் பிரஷரைக் கூட்டினால் கரியும் கேஸ் செலவும்தான் கூடும்.

குட்டை நீலமென்றால் முதலில் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். 19 கிலோ சிலிண்டரின் உடம்பு, உள்ளே திரவம் நிற்கும் மட்டம் வரைக்கும் வியர்த்திருக்கும். சில நேரம் பனியே பூத்திருக்கும். ஒரு கிலோ திரவம் ஆவியாக ஏறத்தாழ 400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதை மீதித் திரவத்திலிருந்தும் இரும்பிலிருந்தும்தான் எடுக்கும். பாதி தீர்ந்த சிலிண்டரிலிருந்து மணிக்கு ஒரு கிலோ இழுத்தால், வெளிச்சூடு வந்து சேராத பட்சத்தில், பத்து டிகிரி குளிர்ந்துவிடும். சமையல் கேஸில் புரொபேனும் பியூட்டேனும் கலந்திருக்கின்றன. புரொபேன் முந்திக்கொண்டு ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுகிற பியூட்டேன் குளிரில் மந்தம். தீர்ந்துவிட்டதென்று ஓரம்கட்டிய சிலிண்டரை மத்தியானம் ஆட்டிப் பார்த்தால் உள்ளே 'சளக்' என்கும், அது இதனால்தான்.

பெரிய பட்டிக்கு இரண்டு சிலிண்டரை ஒரே குழாயில் இணைத்து, இரண்டையும் சேர்த்துத் திறப்பதுதான் மருந்து. சுமை பாதியாகிவிடும். சிலிண்டரைப் படுக்கப் போடுகிறவர்கள் உண்டு. திரவமே பர்னருக்கு வந்து தீ ஆள் உயரத்துக்கு எழும். அடியில் நெருப்புக் காட்டுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

சிலிண்டர் குளிரவில்லையா? டியூப் எங்காவது மடிந்திருக்கிறதா, அடுப்புக் காலடியில் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். அடுத்தது ஜெட், அதாவது பர்னருக்குக் கேஸைப் பீய்ச்சும் சின்ன ஓட்டையுள்ள பித்தளை முனை. கேஸோடு வரும் எண்ணெய்ப் பிசுக்கு அங்கேதான் அடைக்கும். கேஸை மூடி, பர்னர் ஆறியதும் ஜெட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓட்டை நல்ல வட்டமாகத் தெரிய வேண்டும். ஊக்கையோ ஊசியையோ விட்டுக் குடைகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பித்தளை மென்மையான உலோகம், ஓட்டை பெரிதாகிவிடும். ஓட்டையின் விட்டம் 10 சதவீதம் கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடும், கேஸும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் கூடும். அன்றிலிருந்து அந்த அடுப்புக்கு மஞ்சள் தீதான். அடைப்பெடுக்கக் கரண்ட் ஒயரில் உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும்.

மஞ்சள் தீக்கு வைத்தியம் வேறு. ஜெட்டுக்குப் பக்கத்தில் காற்றுத் துவாரத்தை மூடித் திறக்கும் தகட்டு வளையம் ஒன்று இருக்கும். அதன் திருகைத் தளர்த்தி, மஞ்சள் நுனி மறைகிற வரை திறக்க வேண்டும். தீ பர்னரை விட்டு எழும்பி உறுமினால் காற்று அதிகம், கொஞ்சம் மூடவும். எவ்வளவு திறந்தாலும் நிறம் மாறவில்லையென்றால் கேஸும் காற்றும் கலக்கிற கலவைக் குழாய்க்குள் ஆள் குடியிருக்கிறது. மாதக்கணக்கில் கொட்டகையில் கிடந்த அடுப்பில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அல்லது சிலந்தி. பாட்டில் பிரஷை விட்டுச் சுழற்றினால் மண் கட்டியாக உதிரும்.

குழாயும் சுத்தம், ஆனாலும் கரி பிடிக்கிறதா? அண்டாவை இறக்கிவிட்டுத் தீயைப் பாருங்கள். இறக்கியதும் நீலமானால் அடுப்பின் மேல் குற்றமில்லை. அண்டா தாழ உட்கார்ந்திருக்கிறது. தீயின் உள்ளே இருக்கும் அடர்நீலக் கூம்பு பாத்திரத்தில் இடித்தால் கேஸ் முழுதாக எரியாது. கண் எரியும், கார்பன் மோனாக்சைடும் வரும். முக்காலியைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

எல்லாம் மாட்டிய பின் மூட்டுகளில் சோப்பு நுரை தடவி, குமிழி ஊதுகிறதா பார்த்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். சாக்கடை ஓரத்தில் சிலிண்டரை நிறுத்தாதீர்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் நேரே அந்தப் பள்ளத்தில் இறங்கித் தேங்கி நிற்கும்.